பேச்சு மொழிச் சிகிச்சைக் கல்வியும் நம் பிள்ளைகளும்
(அடி அண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



உயர்தரக் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வி என்ற மாத்திரத்தில் நம் கூட்டங்களில் வைத்தியம், எஞ்சினீயரிங், சட்டம் என்னும் மூன்றின் பெயரே மாறி மாறி ஒலிப்பது வழக்கம். அவற்றின் பெருமையை எடுத்துரைக்க எம்மினும் வல்லார் பலர் இங்கே இருக்கின்றனர். ஆதலின், நம்மவருள் அநேகர் பெயரும் கேட்டிராத ஒரு கல்வியைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். அது பேச்சு மொழிச் சிகிச்சையியல். அதில் எம்.எஸ்ஸி. வகுப்பிற் பிரவேசிப்பது எவ்வாறு என்பதே இன்றைய விஷயம்.

இவ்விஷயத்தை இவ்வூரிற் பேசுவது பொருத்தமே. மணிவாசகப் பெருமான் கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. இம்மலையின் மறுபுறத்தில் ரமண மகரிஷிகள் பல்லாண்டுகள் மௌனத்தையே உபதேசமாகக் கொண்டிருந்தனர். ஆனால் ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் மௌனம் வேறு. கேளாமல் ஒருவர்மேல் வந்து வீழும் மௌனம் வேறு. யாம் பேசப்போவது பின்னதைப் பற்றி.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் யாவர்? திக்குவாய்க்காரருக்குப் பயிற்சி தருபவர் என்று சிலர் அறிவர். அவ்வளவே அன்று. பிறவியிலேயே செவிப்புலன் குன்றிய குழந்தைக்குக் கருவி பொருத்திய பின் சொற்களைக் கேட்கவும் பேசவும் பழக்குபவர் அவர். பிளந்த அண்ணத்தோடு பிறந்து அறுவை செய்துகொண்ட குழந்தைக்கு மூக்கினின்றும் குரலை வாய்க்குத் திருப்பிக் கொடுப்பவர் அவர். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பிறரோடு கருத்தைப் பரிமாறும் வழி காட்டுபவரும் அவரே. நாள் முழுதும் உரக்கப் பேசிக் குரல் கம்மிய உபாத்தியாயரும், புற்றுநோயினாற் குரல்வளையை இழந்தவரும் நாட வேண்டியவரும் அவரே.

பக்கவாதம் கண்ட முதியோரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் இது பெரிதும் காணப்படுவது. கைகால் வீழ்ந்ததைக் கண்டு தைலமும் பிஸியோதெரபியும் தேடுகிறோம். ஆனால் அவருக்குச் சொல்லும் போய்விட்டது. “தண்ணீர்” என்று நினைக்கிறார், வாய் வேறொன்றைச் சொல்லுகிறது. வீட்டார் அவருக்குப் புத்தி கலங்கியதென்று முடிவு கட்டிவிடுகின்றனர். புத்தி கலங்கவில்லை, மூளையிற் சொல்லுக்குரிய இடம் பழுதுற்றது. 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பிரோகா என்னும் வைத்தியர், “டான்” என்ற ஓர் ஓசையையன்றி வேறொன்றும் பேசவியலாத ஒரு நோயாளி இறந்தபின் அவர் மூளையைச் சோதித்து, இடப்பக்கத்து முன்பகுதியிற் பழுதிருப்பதைக் காட்டினார். அந்நோயாளி பிறர் சொல்வதைப் பெரும்பாலும் அறிந்துகொண்டே இருந்தவர். அவரைப் போன்றோர் நம் திண்ணைகளிலும் படுத்திருக்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.

பக்கவாதத்தில் விழுங்குதலும் கெடுவது உண்டு. தண்ணீர் கொடுத்தால் இருமல் வருகிறது. புரையேறிற்று என்று தலையிலே தட்டுகிறோம். உண்மையில் நீர் உணவுக்குழலை விட்டு மூச்சுக்குழலிற் புகுகிறது. சிலருக்கு இருமலும் வாராது. ஓசையின்றியே நுரையீரலிற் சென்று நிமோனியாவை விளைவிக்கும். பக்கவாதத்திற் பிழைத்தவர் இதனால் இறந்துபடுவது உண்டு. எந்த ஆகாரத்தை எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது, தலையை எவ்வாறு சாய்த்து விழுங்கச் செய்வது என்று சோதித்துச் சொல்லுபவர் பேச்சுச் சிகிச்சையாளரே. பேச்சுக்கு வைத்தியம் செய்பவருக்குச் சோற்றிலே என்ன வேலை என்று கேட்கலாம். பேசுவதும் விழுங்குவதும் அதே நாவும் அதே தொண்டையும் செய்யும் தொழில்கள் அல்லவோ?

இனிக் குழந்தைகள். இரண்டு வயது கடந்தும் குழந்தை பேசாதிருந்தால் நம் பெரியோர் சொல்லும் சமாதானம் யாது? “அவன் தகப்பனும் நாலு வயதிலேதான் பேசினான்” என்பர். வசம்பை உரைத்து நாவிலே தடவுவர். ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயது வரை ஊமையாயிருந்து திருச்செந்தூரில் முருகன் அருளாற் பாடினார் என்னும் வரலாற்றையும் எடுத்துக்காட்டுவர். அவ்வரலாற்றை யாமும் பக்தியோடு போற்றுகிறோம். ஆனால் அதைக் காட்டி ஐந்து வயது வரை காத்திருப்பது பக்தியாகாது. செவிப்புலன் குறைவினால் மொழி வாராத குழந்தைக்கு முதற் சில ஆண்டுகளே மூளை மொழியை எளிதிற் பற்றிக்கொள்ளும் காலம். காக்ளியர் கருவி பொருத்தும் அறுவையைத் தமிழ்நாட்டு அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அளிப்பதும் இக்காரணம் பற்றியே. அறுவையோடு காரியம் முடிவதுமில்லை. கருவி ஓசையைத்தான் கொடுக்கும். ஓசையைச் சொல்லாக்குவது மாதக்கணக்காக நடைபெறும் பயிற்சி. பயிற்சி தருவார் அருகில் இல்லாத ஊரில் இலட்சக்கணக்கான ரூபாய் பெறுமான கருவி பெட்டிக்குள்ளே உறங்கும். சைகை மொழியைத் தம் மொழியாகக் கொண்டு வாழ்வோர் உளர்; அதுவும் முழுமையான மொழியே, அதை இழிவாக எண்ணற்க. எதைத் தேர்ந்தாலும் காலத்தே தேர்தல் வேண்டுமென்பதே எம் கருத்து.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் செவிப்புலன் குறைவுடையோர் சுமார் 50 இலட்சம். பேச்சுக் குறைவுடையோர் சுமார் 20 இலட்சம். பக்கவாதத்திற் சொல்லிழந்த முதியோர் இக்கணக்கில் எவ்வளவு தூரம் அடங்கினர் என்பது ஐயத்திற்குரியது. வீட்டுக்குக் கணக்கெடுக்க வருபவரிடம் அவரைக் குறித்து யார் சொல்லப்போகிறார்கள்? இத்தனை பேருக்கும் வேண்டிய சிகிச்சையாளர் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருக்கின்றனர்.

இவ்வித்தை தனிச் சாஸ்திரமாக உருப்பெற்றது அண்மைக் காலத்திலேதான். அமெரிக்காவில் இத்துறையார் 1925-ஆம் ஆண்டிற் சங்கம் கண்டனர். உலக யுத்தங்களில் தலையிற் குண்டுபட்டுச் சொல்லிழந்த போர்வீரர்களுக்குப் பயிற்சி அளித்த அனுபவம் இதனை மிகவும் வளர்த்தது. நம் தேசத்தில் 1965-ஆம் ஆண்டு மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிலையம் மத்திய அரசாரால் ஏற்படுத்தப்பட்டது. மானசகங்கோத்ரியில் இருக்கும் அந்நிலையத்தின் மாணாக்கருக்கு மைசூர்ப் பல்கலைக்கழகம் பட்டம் அளிக்கிறது. பம்பாயில் அலி யாவர் ஜங் பெயரால் மற்றொரு தேசிய நிலையம் 1983-இல் தோன்றிற்று. நம் மாகாணத்தில் சென்னை அரசு மருத்துவக் கல்லூரி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிலையம் முதலியவற்றிலும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், அண்டையில் புதுச்சேரி ஜிப்மரிலும் இக்கல்வி கற்பிக்கப்படுகிறது. திருவண்ணாமலையிலிருந்து வேலூரும் புதுச்சேரியும் எட்டாத தூரமல்ல. மைசூரும் பெங்களூர் வழியாக ஒரு பகற்பயணமே.

இனிப் பிரவேச விஷயத்திற்கு வருவோம். இங்கேதான் நம் பிள்ளைகள் அறியாமையினால் வழி தவறுகின்றனர். மாணாக்கர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம்.

அமெரிக்காவில் இத்துறையில் எம்.எஸ். பட்டம் பெற்றாலன்றித் தொழில் செய்ய இயலாது. ஆனால் அங்கே இலக்கியமோ மனோதத்துவமோ படித்துப் பட்டம் பெற்ற ஒருவர் பின்னர் மனம் மாறி, உயிரியல், பௌதிகம் அல்லது இரசாயனம், புள்ளியியல் முதலிய சில பாடங்களையும் இத்துறையின் அடிப்படைப் பாடங்களையும் படித்து நிரப்பிக்கொண்டு எம்.எஸ். வகுப்பிற் சேரலாம். அங்குள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு, “முதலில் ஏதாவது ஒரு பி.எஸ்ஸி. முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று இங்குள்ள தகப்பனார் இருந்துவிடுகிறார். நம் தேசத்து விதி அப்படியன்று. இங்கே பேச்சு மொழிச் சிகிச்சையியலில் எம்.எஸ்ஸி. சேர விரும்புவோர், செவித்திறனும் பேச்சு மொழிச் சிகிச்சையும் சேர்ந்த பட்டமாகிய பி.ஏ.எஸ்.எல்.பி. பெற்றவராகவே இருத்தல் வேண்டும். மனோதத்துவத்தில் முதல் வகுப்பிலே தேறினாலும், மொழியியலில் தங்கப் பதக்கமே பெற்றாலும் அக்கதவு திறவாது.

ஆகவே எம்.எஸ்ஸி. வகுப்பின் வாயில் எங்கே இருக்கிறதென்றால், இருபத்திரண்டு வயதில் இல்லை. பதினாறு வயதிலே, பதினொன்றாம் வகுப்பிற் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நாளிலே இருக்கிறது. பௌதிகமும் இரசாயனமும் இன்றியமையாதன. மூன்றாவதாகச் சில நிலையங்கள் உயிரியலையே கேட்கும். சில, கணிதத்தையும் ஏற்றுக்கொள்ளும். உயிரியல், கணிதம் இரண்டும் அடங்கிய பிரிவை எடுப்பவனுக்கு எவ்விடத்திலும் தடையில்லை. வணிகப் பிரிவை எடுத்துவிட்ட பிள்ளையைப் பின்பு பிடித்திழுத்து இப்பக்கம் கொணர்தல் இயலாத காரியம். பத்தாம் வகுப்பிற் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்களோ அத்தனை பேரும் இதனை மனத்திற் கொள்க.

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்காண்டுப் படிப்பு, நான்காம் ஆண்டு முழுவதும் நோயாளிகளோடு பழகும் பயிற்சி. சேரும் முறை இடத்துக்கு இடம் வேறுபடும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு நடத்துவதும் உண்டு. தனியே பிரவேசப் பரீட்சை வைப்பதும் உண்டு. நீட் மதிப்பெண்ணைக் கேட்பதும் உண்டு. இவ்விதிகள் மாறுந் தன்மையன. ஆதலின், சென்ற ஆண்டு சேர்ந்த அண்டை வீட்டுப் பிள்ளையின் வார்த்தையைப் பிரமாணமாகக் கொள்ளாது, அவ்வாண்டு விளம்பரத்தை வரிவரியாகப் படித்தறிக.

அதன்பின் எம்.எஸ்ஸி. இரண்டாண்டு. பட்டப் படிப்பில் பொதுவாக 55 சதவிகித மதிப்பெண் எதிர்பார்க்கப்படும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்குச் சலுகை உண்டு. மைசூர் நிலையத்தில் சேர அகில இந்தியப் பிரவேசப் பரீட்சை எழுதுதல் வேண்டும். தேசமெங்கணுமிருந்து வருவோர் அநேகர், இடங்களோ சொற்பம். செவித்திறனியல் ஒன்று, பேச்சு மொழிச் சிகிச்சையியல் ஒன்று என இரண்டு பிரிவுகள் தனித்தனியே உண்டு. முன்னதற்கே பலர் விரைகின்றனர். கருவி விற்கும் கம்பெனிகளில் உத்தியோகம் சீக்கிரம் கிடைக்குமென்பது காரணம் என்று கருதுகிறோம். அதைக் குறை கூறவில்லை. பின்னதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஒரு முதியவர் தம் பேத்தியின் பெயரை மீண்டும் சொல்ல மூன்று மாதம் காத்திருக்கத் தெரிந்தவனே அதற்கு உரியவன்.

பிரவேசப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதெப்படி என்று இளைஞர் சிலர் எம்மைக் கேட்டதுண்டு. பட்டப் படிப்பு நான்காண்டிலும் கற்றதே அங்கே கேட்கப்படும். உடற்கூறு, நரம்பியல், ஒலியின் பௌதிகம், ஒலியியல், மனோதத்துவம், புள்ளியியல் என்று பலவும் வரும். புள்ளியியலைக் கண்டு அஞ்சி ஒதுக்குவோர் அங்கேதான் தோற்கின்றனர். கடைசி இரண்டு மாதத்தில் வினாத்தொகுப்பை நெட்டுருப் போடுவதினும், நான்காம் ஆண்டில் தாம் கண்ட ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மாலையில் ஒரு பக்கம் எழுதி வைப்பது மேலான பயன் தரும். தமிழ் வழியிற் படித்த பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைக் கண்டு முதலாண்டில் தடுமாறுவர். அது சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

மேலும், தமிழிலக்கணம் ஒழுங்காய்க் கற்ற பிள்ளைக்கு இங்கே ஒரு சௌகரியம் உண்டு. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் காற்று நின்று, பல், இதழ், நா, அண்ணம், மூக்கு இவற்றின் தொழிலால் ஒவ்வோர் எழுத்தும் எங்ஙனம் பிறக்கிறதென்று அதில் வகுத்துரைக்கப்பட்டிருக்கிறது. நன்னூலிலும் இது வரும். அதைப் பரீட்சைக்காக மனனம் செய்து மறந்தவர்களே நம்மில் அதிகம். கண்ணாடி முன் நின்று தம் நாவைக் கவனித்துக்கொண்டே கற்ற மாணாக்கனுக்கு ஒலியியல் வகுப்பு முற்றிலும் புதியதாகத் தோன்றாது.

இதை ஒட்டி இன்னொன்று சொல்லவேண்டும். எம் பேச்சின் கருத்தெல்லாம் இதிலேதான் இருக்கிறது. எலும்பு முறிந்தால் எந்தத் தேசத்து வைத்தியரும் கட்டலாம். சொல் முறிந்தால், நோயாளியின் வீட்டுச் சொல்லை அறிந்தவரே கட்டவேண்டும். செங்கத்துப் பக்கத்துக் குழந்தை வாழைப்பழத்தை “வாயப்பயம்” என்று சொன்னால் அது நோயா? அதன் தாயும் பாட்டியும் அங்ஙனமே சொல்லுவர். மதுரைப் பக்கத்தில் “வாளப்பளம்” என்பர். இப்பக்கத்து வழக்கறியாத சிகிச்சையாளர் அதைக் குற்றமாக எழுதிக்கொண்டு, இல்லாத நோய்க்கு ஆறு மாதம் மருந்து செய்வார். “வந்துகினு இருக்கான்” என்று பேசும் வீட்டுக் குழந்தைக்கு “வந்துகொண்டிருக்கிறான்” என்று புத்தகத் தமிழைப் பயிற்றினால், அக்குழந்தை வீட்டிலே யாரோடு பேசும்? மறுபுறத்தில், வழக்குத்தான் என்று எண்ணி உண்மையான நோயைக் கைவிடுவதும் உண்டு. வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசித் தெருவிலே தமிழ் பேசுவோரும் இந்நகரத்தில் இருக்கின்றனர். பக்கவாதத்துக்குப் பின் அவர்க்கு எம்மொழி முதலில் திரும்புகிறதென்று அறிந்து, அதைப் பற்றிக்கொண்டே சிகிச்சை நடத்தல் வேண்டும். இதற்கெல்லாம் இம்மண்ணிற் பிறந்து, இப்பேச்சைத் தாய்ப்பாலோடு உண்ட பிள்ளைகள் அந்நிலையங்களுக்குச் சென்று கற்று வருதல் வேண்டும். அவர்கள் போகாவிட்டால் அவ்விடத்தை நிரப்ப வேறொருவரும் இல்லை.

அயல்நாட்டில் எம்.எஸ். படிக்க விரும்புவோர் சிலர் இருக்கலாம். அங்கே பரீட்சை மதிப்பெண்ணோடு, தன் நோக்கத்தைத் தானே எழுதும் கட்டுரையும் ஆசிரியர்களின் சிபார்சுக் கடிதங்களும் நிறுத்துப் பார்க்கப்படும். அமெரிக்க விதிப்படி தொழில் தகுதி பெற 400 மணி நேரச் சிகிச்சைப் பயிற்சி வேண்டும். செலவோ மிக அதிகம். நிலத்தை விற்று அனுப்பும் காரியத்தை யாம் யாருக்கும் சொல்லமாட்டோம். இங்கே மைசூரில் மாணாக்கருக்கு மாத உதவித்தொகை அளிக்கும் வழக்கமும் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியிற் சேராதீர்கள். அக்கவுன்சிலின் பதிவேட்டிற் பெயர் ஏறாதவர் இத்தொழிலைச் செய்வது தண்டிக்கத் தக்க குற்றம். வாயிலில் அழகிய பலகை தொங்குகிறதென்று பணத்தைக் கட்டிவிட்டுப் பின்பு வருந்துவதில் பயனில்லை. அங்கீகாரம் எந்த ஆண்டு வரைக்கும் உண்டு என்பதையும் கேட்டறிக. ஓராண்டில் முடியும் டிப்ளோமா ஒன்றும் இருக்கிறது; நான்காண்டு படிக்க வசதியில்லாதவர்க்கு அது உதவும். ஆயினும் எம்.எஸ்ஸி. வகுப்புக்கு அது வழியாகாது.

பி.ஏ.எஸ்.எல்.பி. பெற்றவுடனே பதிவு செய்துகொண்டு தொழில் செய்யலாமே, மேலும் இரண்டாண்டு எதற்கு என்று தகப்பன்மார் கேட்பர். நியாயமான கேள்வியே. குடும்பம் உடனே ஊதியத்தை எதிர்பார்க்குமாயின் தொழிலுக்குச் செல்லட்டும், குற்றமில்லை. ஆனால் கல்லூரி ஆசிரியர் பதவிக்கும் ஆராய்ச்சிக்கும் எம்.எஸ்ஸி. வேண்டும். பக்கவாதம், விழுங்குதற் கோளாறு முதலியவற்றில் ஆழ்ந்த பயிற்சி கிடைப்பதும் அவ்விரண்டாண்டிலேதான். தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழிலேயே சோதனைகளை வகுக்க வல்லவர்களும் அங்கிருந்துதான் வரவேண்டும். ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்து வைத்தால் அது நம் குழந்தையை அளவாது.

பெண்மக்களைக் குறித்து ஒரு வார்த்தை. இத்துறையிற் பயில்வோரில் பெண்களே மிகுதி. “மைசூருக்குத் தனியே எப்படி அனுப்புவது?” என்று தாய்மார் கலங்குவது எமக்குத் தெரியும். ஒவ்வொரு பௌர்ணமியிலும் எங்கெங்கிருந்தோ பெண்கள் தனியே வந்து இந்த 14 கிலோமீட்டர் வலத்தை இரவிலே நடந்து செல்வதை இவ்வூர்த் தாய்மார் வாயிலில் நின்று பார்த்தே வருகிறீர்கள். மாணவியர் விடுதி உள்ள நிலையத்துக்குத் தன் மகளை அனுப்பத் தயங்குவது எதற்கு?

முடிவாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நமது கல்வி நிதியிலிருந்து வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்றவர்களுக்கே உதவி செய்வதென்று ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இடம் பெற்றவனுக்கு உதவ வங்கியும் முன்வரும். இடம் பெறுவதற்கு முன் விண்ணப்பக் கட்டணத்துக்கும் பரீட்சைக்குச் சென்று வரும் பிரயாணத்துக்கும் வழியின்றி நின்றுவிடும் பிள்ளைக்கே நம் உதவி வேண்டும். தொகையும் சிறிது. ஆண்டுக்கு இருவருக்கு இவ்வுதவி அளிப்பதென்றும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருத்தல் வேண்டுமென்றும், படிப்பு முடிந்து பதிவு பெற்றபின் ஓராண்டுக் காலம் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இச்சங்கக் கட்டடத்தில் எந்த ஜாதியார் வரினும் இலவசமாகச் சோதித்து உதவவேண்டுமென்றும் ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டம் கலைந்தபின் சற்று இருந்து, தங்கள் மதிப்பெண் பட்டியலோடு பின் தாழ்வாரத்தில் எம்மைக் காணலாம்.